அம்பரீன் அணைத்து வைக்கும் திரை

இணையதளம் கட்டிக்கொடுப்பது அம்பரீனின் தொழில். கட்டி முடித்ததும் திரையை அணைத்துவிட்டு, விசைகளைத் தட்டித் தட்டி, கணினி படித்துச் சொல்வதைக் காதால் கேட்டே தன் வேலையைச் சோதிப்பாள். புடவையைப் புரட்டிப் பின்பக்கம் பார்க்காமல் வாங்காத காஞ்சிபுரத்தில், இதற்குப் பைத்தியம் என்று பெயர்.

மயில்கண் சில்க்ஸ் முதலாளி தனசேகரனும் அப்படித்தான் சொன்னார். அவரிடம் ஏற்கெனவே விஷால் என்பவன் கட்டிய தளம் இருந்தது. திறந்தால் நாதஸ்வரம் ஊதும், பொன்மழை பெய்யும், கோபுரம் தட்டாமாலை சுற்றும். அது திறந்து முடிவதற்குள், முசரவாக்கத்தில் புடவை பார்க்க உட்கார்ந்த ஒருத்திக்குக் கல்யாணமாகி வளைகாப்பும் நடந்துவிட்டது; நான் சொல்வதில் பாதியாவது உண்மை. அதன் நிரலைப் புரட்டிப் பார்த்தால், பூனை புகுந்த நூல்கூடை.

புதுத் தளத்துக்கு அம்பரீன் காட்டிய மாதிரியைப் பார்த்து அவர் சிரித்தார்.

"இன்னாம்மா இது, ரேஷன் கார்டு மாதிரி இருக்குது?"

"பார்வையில்லாதவங்களுக்கும் புரியணும் சார். ஒவ்வொரு படத்துலயும் இன்னா இருக்குதுன்னு எழுதியிருக்கேன். போன் படிச்சு சொல்லும்."

"அவங்க எதுக்கும்மா பட்டு வாங்கப்போறாங்க?"

அந்த அறிவுக்கடல் வாயை மூடுமுன் தொலைபேசி அடித்தது. ஏனாத்தூர் பேராசிரியை செல்லியம்மாள், பார்வையற்றவர். மகளின் முகூர்த்தப் புடவையைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

"உங்க தளத்துல நாப்பது புடவைக்கும் போன் 'காஞ்சியிலேயே மலிவான பட்டு'ன்னே சொல்லிக்கினு இருக்குதுபா. சந்தையில கூவுறீங்களா?"

இணையத்தில் பட்டு தேடுவோருக்கு இந்தக் கடையே முதலில் தெரிய வேண்டுமென்று விஷால் எல்லாப் படங்களுக்கும் அந்த ஒரே வரியை ஒட்டியிருந்தான். வேறு வழியில்லாமல் தனசேகரன் அம்பரீனின் மாதிரிப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தார். அரை மணியில் மறுபடி அழைப்பு. ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"மூணாவது புடவை. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. முந்தி ஓரத்துல சாயம் இறங்கியிருக்குதுன்னு போட்டிருக்குது. நெஜமாபா?"

தனசேகரன் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சீறினார். "அந்த வரிய அழிம்மா. இல்லேன்னா வேலை உனக்கில்ல!"

"படத்துலயும் அது இருக்குது சார். கண்ணு இருக்கிறவங்க பாக்கல, அவ்ளோதான்." அம்பரீன் மடிக்கணினியைப் பைக்குள் வைத்தாள்.

அவர் கை பொத்தியதும், அவர் தளத்தைப் போலவே ஓட்டை.

"எல்லாம் காதுல விழுதுபா. அந்த வரி இருக்கிறதாலதான் நாலாவது புடவைய நம்பி எடுக்கிறேன். அத அழிச்சா நான் வேற கடை பாக்கிறேன்."

வேலை அம்பரீனுக்கே வந்தது. யோசனை தம்முடையது என்று தனசேகரன் இன்றும் ஊரெல்லாம் அளக்கிறார். விலைபோகாத அந்த மூன்றாவது புடவையைத் தம் கல்யாண நாளுக்கு மனைவியிடம் நீட்டினார்.

அந்த அம்மாளும் தளத்தைப் படித்திருந்தார்.