எர்ணாவூரில் யாருக்கும் டிவி இல்லையாம்!

வியாழக்கிழமை எட்டு மணி காமெடித் தொடரைக் கொன்றது நீங்கள்தான், நிகழ்ச்சிப் பொறுப்பாளரே. எந்த சேனல் என்று எழுத இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் விடமாட்டார். உங்களுக்கே தெரியும்.

முதலில் பத்தரை மணிக்குத் தள்ளினீர்கள். காலை ஷிஃப்டுக்குப் போகிறவன் ராத்திரி பத்தரைக்கு உட்கார்ந்து சிரிப்பானா? எட்டு மணிக்கு ஒரு மருமகளைக் கொண்டுவந்து தினமும் அழவைத்தீர்கள். போன வாரம் காமெடியை ஒரேயடியாக நிறுத்திவிட்டீர்கள். கேட்டால், 'பார்க்க ஆளில்லை, சர்வே சொல்கிறது' என்கிறீர்களாம்.

இதை எனக்குச் சொன்னவர் அந்தோணி. எங்கள் எர்ணாவூர் ஹவுசிங் போர்டு பிளாக்கில் கீழ்வீட்டுக்காரர். அந்தத் தொடரில் வாட்ச்மேனாக வருவாரே... அவரேதான். ஹார்பர் வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போனவர். இப்போது மறுபடியும் ஹார்பர் வாசலில் போய் நிற்கிறார். 'வாட்ச்மேன் வந்துட்டாருடா' என்று எல்லோரும் சிரிக்கிறார்களாம். வேலைதான் கிடைக்கவில்லை.

ஆளில்லையா? வியாழன் எட்டு மணிக்கு எங்கள் மாடிப்படியில் ஒரு ஈ காக்கா இருக்காது. அந்தோணியின் குரல் எல்லா ஜன்னலிலிருந்தும் கேட்கும்.

பிறகு சர்வே எப்படி அப்படிச் சொல்லும்? எனக்குச் சந்தேகம். மூன்றாவது மாடி ஸ்டெல்லா அக்காவிடம் விசாரித்தேன். குருத்தோலை ஞாயிறு முடிந்த வாரம், கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவன் வந்தானாம். டிவி இருக்கா, என்ன பார்ப்பீங்க என்று வீடு வீடாகக் கேட்டானாம்.

"கேபிள்காரன் ஆளுன்னு நெனச்சிகினோம். ஒரே கனெக்‌ஷன நாலு வூட்டுக்கு இழுத்துகினு கீறோம்ல? டிவியே இல்லன்ட்டேன். உள்ள சத்தம் கேக்குதேன்னான். பக்கத்து வூடுன்னேன்."

பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, அவர்கள் ஸ்டெல்லா அக்கா வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். பிளாக் முழுக்க இதே பதில். அந்தோணியின் மனைவி உட்பட!

நான் அன்று வீட்டில் இல்லை. இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டுக்கும் அதே ஒயர்தான்.

அந்தோணியிடமும் இதைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், மனிதர் விரலை மடக்கி மாதக் கணக்குப் போட்டார்.

"அவன் எப்ப வந்தான்ற? குருத்தோலைக்கு அப்பாலயா? என் வாட்ச்மேன் டிரஸ்ஸ பொங்கலுக்கே திருப்பி வாங்கிகினாங்களே நைனா. தோச்சு வைக்கிறோம், ஷூட்டிங் இருந்தா கூப்புடுறோம்னாங்க. நானும் குந்திகினு கீறேன்."

புரிகிறதா? பொங்கலுக்கே முடிவு செய்தாகிவிட்டது. எடுத்து வைத்திருந்த எபிசோடுகளைப் பத்தரை மணிக்கு ஓட்டித் தீர்த்திருக்கிறார்கள். சர்வே வந்தது அதற்கப்புறம். தீர்ப்பை எழுதிவிட்டு சாட்சி தேடியிருக்கிறார்கள். எங்கள் ஜனங்களும் வீடு வீடாகச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்...

நாங்கள் சொன்னது பொய். இதோ, கேபிள்காரர் படித்தாலும் பரவாயில்லை என்று ஊரறிய ஒப்புக்கொண்டாயிற்று. நீங்கள் சொன்னது?

பொறுப்பாளரே, இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள் — அந்த வாட்ச்மேன் சட்டையை இன்னுமா துவைக்கிறீர்கள்?