சுப்பையா அசையாமல் நின்ற படம்

சுப்பையா போய்விட்டான் என்ற செய்தி எனக்குத் தாராவியில் குழாயடியில் வந்தது. வாளி பாதிதான் நிறைந்திருந்தது. பின்னால் நின்ற அம்மாள், "உங்க அருவிக்காரரு போயிட்டாராம்லா, மாட்டுங்கால இருந்து ஆள் வந்திருக்கு" என்றாள். வாளி நிறைகிறவரை நின்றுவிட்டுத்தான் நகர்ந்தேன். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைகிற இடத்தில், சும்மா கொட்டுகிற தண்ணீரைப் படம்பிடிக்க ரயிலேறிப் போன ஆள் அவன். அவனுக்கு அந்த மரியாதை போதும்.

இரங்கல் கூட்டத்தில் வாசிக்க நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள் சங்கத்தார். நான் ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், தோல்பை தைக்கிறவன். எழுதுவது என் வேலை இல்லை. செத்துப்போனான் என்பதற்காகப் பொய் சொல்வதும் என் வேலை இல்லை. உங்களில் பாதிப்பேருக்குக் கல்யாணப் படம் எடுத்தவன் அவன். ஆனால் அவன் செத்த அன்று, மாலை போட்டு வைக்க அவன் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. இதைவிடக் கேவலம் ஒரு போட்டோக்காரனுக்கு உண்டா?

அவன் ஸ்டுடியோவில் குற்றாலம் வரைந்த திரை ஒன்று தொங்கும். அருவி ஒரு பக்கம், கிளி ஒரு பக்கம், அந்தக் கிளி அளவுக்கே ஒரு குரங்கு. நம் ஆட்கள் அதன் முன்னால் நின்று எடுத்த படம்தான் திருநெல்வேலிப் பக்கம் பெண் பார்க்கப் போகும். சுப்பையாவுக்கு அந்தத் திரையைக் கண்டால் ஆகாது. "பெயிண்ட் அருவில எவன் தலையாவது நனையுமால?" என்பான். அசல் அருவியைப் படம்பிடித்து, சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, அதன் முன்னால் நம்மை நிறுத்த வேண்டும். அதுதான் துரையின் லட்சியம். ஞாயிற்றுக்கிழமைதான் நம் ஆட்கள் குளித்து, சட்டை மாட்டி, படமெடுக்க வருகிற நாள். மழைக்காலம் முழுக்க அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் கடையைப் பூட்டுவான். வியாபாரத்தில் அப்படி ஒரு சாமர்த்தியம்.

என்னையும் இழுத்துக்கொண்டு போவான். கர்ஜத் பக்கம் ரயிலைவிட்டு இறங்கி, சேற்றிலும் கொடியிலும் கொஞ்ச தூரம் நடந்தால் அருவி. கேமராப் பெட்டியை முக்காலியில் ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வான். அவன் நனைவான், நான் நனைவேன், குடை பெட்டிக்கு. காட்டுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் கேமராக் கண்ணாடியின் மூடியைக் கழற்றி வெகுநேரம் காத்திருக்க வேண்டும். மூடி என் கையில் இருக்கும். படத்துக்குள் ஆடுகிற கிளையை ஓரமாய் நின்று பிடித்துக்கொள்ள அவன் போவான். அவன் "போதும்" என்று கத்துகிறவரை நான் மூடக்கூடாது. மனுஷப் பூண்டே படத்தில் தெரியக்கூடாது என்பது சட்டம். மாடன் என்கிற எனக்கும் அதே சட்டம்தான்.

"நகருல மாடா, படத்துல விழுற."

"விழுந்துட்டுப் போறேன். ஒரு மனுச மூஞ்சியாவது இருக்கும்லா?"

"மனுசன் வந்தா காடு கெட்டுப்போவும்."

"அப்ப நீ எதுக்குல வந்த?"

துணிக்குள் தலை போய்விடும்.

இவ்வளவு பாடுபட்டுப் பெரிதாக்கிய முதல் அருவியை ஸ்டுடியோவில் மாட்டினான். அம்பர்நாத் ஃபேக்டரியில் வேலை பார்க்கிற ஒருவன் படமெடுக்க வந்தான். அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது யார் வேட்டி காயப்போட்டிருக்கு?" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. மூடி அவ்வளவு நேரம் திறந்திருந்தால் விழுகிற தண்ணீர் வெளுத்த வேட்டியாகத்தான் விழும். "நமக்குக் குத்தாலத்தையே போடுங்க. கிளி தெரியணும், என்ன?" என்றான். சுப்பையா பல்லைக் கடித்துக்கொண்டு கிளித் திரையை இறக்கினான். வந்தவன் போனபின், "ரசனை கெட்ட கூட்டம்" என்றான். உங்களைத்தான்.

அடுத்த ஞாயிறு மறுபடி அதே காடு. மூடியைக் கழற்றினேன். கிளையைப் பிடிக்கப் போனவன் சட்டென்று கையை உதறி, பின்னால் நகர்ந்து, அருவிக்கு நேரே வந்து நின்றான். கிளையில் ஒரு பச்சைப் பாம்பு. இவன் தொடையில் சுருட்டிய வேட்டியும் திறந்த வாயுமாக மரம்போல் நிற்கிறான். "போதும்" என்று அவன் சொல்லவில்லை, அதனால் நானும் மூடவில்லை. சட்டம் அவன் போட்டதுதானே. பாம்பு தன்பாட்டுக்கு இலைக்குள் போனபிறகுதான் அவனுக்கு வாய் வந்தது. அதில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

கழுவிப் பார்த்தால், மூடி திறந்தே கிடந்ததில் அருவி மொத்தமும் வெள்ளையடித்த சுவராகிவிட்டது. ஆள் மட்டும் அச்சாய் விழுந்திருந்தான். ஆயுசு முழுக்க நம்மையெல்லாம் "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று அதட்டியவன், தான் ஆடாமல் நின்றது அந்த ஒரு தடவைதான். "கிழிச்சுப் போடுல" என்று என்னிடம் எறிந்தான். நானா கிழிப்பேன்? கடையில் தோலுக்கடியில் வைத்திருந்தேன். அவனுக்குத் திமிர் ஏறுகிறபோதெல்லாம் வெளியே எடுப்பேன், உடனே இறங்கிவிடும்.

பதினாறாம் நாளுக்கு முன்னால் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்சாதி ஸ்டுடியோப் பெட்டிகளையெல்லாம் தரையில் கொட்டி நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, ஊரான் மூஞ்சி எல்லாம் இருக்கு. மிச்சம் பூராவும் தண்ணி. மவ கல்யாணத்துலகூட கேமராவுக்குப் பின்னாலயே நின்னுட்டாக. நான் எதைப் பார்த்து விளக்கேத்த?"

யாராவது ஓவியரிடம் வரையச் சொல்லலாம் என்று சங்கத்தில் யோசனை சொன்னார்களாம். வரைந்தால் பக்கத்தில் கிளி வந்துவிடும் என்று எனக்குப் பயம். தோல்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "குழாய்ல தண்ணி நின்னுபோச்சுன்னு சொன்னா இப்படித்தாண்ணே நிப்பாக."

அந்தப் படம்தான் மாலையோடு உங்கள் முன்னால் இருக்கிறது. பின்னால் வெள்ளையாய்த் தெரிவது சுவர் இல்லை, அவன் உயிரைக் கொடுத்த அருவி. வேட்டி என்று யாராவது சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன். பெட்டி மகளுக்குப் போயிற்று. குடை என்னிடம் இருக்கிறது, ஒழுகுகிறது. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தத் திறந்த வாயை மட்டும்தான். பாம்புக்குப் பயந்த வாய் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் நான் படத்துக்கு எதிரே போய் நின்றால் அது "நகருல மாடா" என்றுதான் சொல்கிறது.

நகரமாட்டேன்.