எங்கடின் பள்ளிக்கூடமும் வாத்தியாரின் துவக்கும்

பயணம் போனவர்கள் இரண்டு பேர்: நான், என் மகள் தர்சினி, வயது ஒன்பது. கைப்பையில் முருகன் படம் இருந்தது. அவரையும் சேர்த்தால் மூன்று. கூர் ரயில் நிலையத்தில் ஏறி எங்களுக்கு எதிரே வந்து இருந்தவர் ஒரு படையாள். அவரோடு ஒரு துவக்கு.

1987 புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை. எனக்கு விரதம், ஆகவே சாப்பாட்டுப் பொதி மகளுக்கு மட்டும். என் கணவர் இரண்டு வருடமாக எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் உதவியாளாக வேலை செய்கிறார். நாங்கள் இருவரும் ஓல்டனில். வதிவிட அனுமதி கிடைத்ததும், "வீடு ஒண்டு பாத்திருக்கிறன், வந்து பாருங்கோ" என்று தொலைபேசியில் சொன்னார். வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்துவிட்டு, அங்கே குடிபோவதா என்று முடிவெடுக்கத்தான் இந்தப் பயணம்.

ஓல்டனில் காலை ஏழு மணி வண்டி. சூரிச்சிலும் கூரிலும் மாற வேண்டும். ஏறக்குறைய 260 கிலோமீற்றர். பன்னிரண்டேகாலுக்குப் போய்ச் சேரலாம். அரைக்கட்டண அட்டை இருந்ததால் போகவர எனக்கு 46 பிராங்க். பிள்ளைக்கு எப்படியும் அரைக்கட்டணம், ஆகவே அவளுக்கும் அதுவே.

கூரில் அந்தப் பெடியன் ஏறினான். (வயது முப்பது இருக்கும், எனக்கு அது பெடியன்தான்.) பச்சை உடுப்பு, தோளில் துவக்கு. அவன் பெட்டிக்குள் கால் வைத்ததும் நான் எழுந்து நின்றேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. அனுமதி அட்டையைக் கையில் எடுத்து நீட்டியும் விட்டேன். பக்கத்தில் தர்சினி தன் பையைத் திறந்து, பாண் துண்டு, நிறப் பென்சில்கள், குளிர்ச்சட்டை எல்லாவற்றையும் ஆசனத்தில் ஒவ்வொன்றாகப் பரப்பிக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றியில் அப்படித்தானே செய்வோம். அங்கிருந்து வரும்போது அவளுக்கு ஆறு வயது.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இல்லை இல்லை, நான் டிக்கற் பாக்கிற ஆளில்லை," என்று ஜெர்மனில் சொன்னான். துவக்கைக் கழற்றி, பனிச்சறுக்கு மட்டைகள் வைக்கும் மேல்தட்டில் குடை வைப்பதுபோல வைத்துவிட்டு, கீழே விழுந்த மஞ்சள் பென்சிலைப் பொறுக்கி மகளிடம் கொடுத்தான். பெட்டியில் இருந்த மற்றவர்கள் பத்திரிகையை விட்டு நிமிரவே இல்லை. அந்த நேரம் எனக்கு வந்த தனிமையை எப்படிச் சொல்ல? பயந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

நான் ஜெர்மன் படித்தது பால் பெட்டியிலும் பழைய பத்திரிகையிலும்தான். அதை வைத்துக்கொண்டு கதைத்தேன். அவர் படைப் பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகிறாராம். இந்த நாட்டில் வேறு வேலை செய்யும் ஆண்களும் வருடத்தில் சில வாரம் படையாட்கள், துவக்கை வீட்டில்தான் வைத்திருப்பார்கள் என்பது தெரியும். என்ன வேலை என்று கேட்டேன்.

"வாத்தியார்."

எந்த ஊர் என்று கேட்டேன். நாங்கள் போகும் ஊர். அங்கே பள்ளிக்கூடம் ஒன்று, வாத்தியாரும் ஒருவர். அவருடைய வீடு பள்ளிக்கூடத்தின் மேல்மாடி.

"அப்ப துவக்கு?"

"என்ரை அலுமாரியிலை. பூட்டித்தான் இருக்கும். குண்டெல்லாம் முத்திரை வைச்ச தகரப்பெட்டியிலை. யுத்தம் வந்தாத்தான் திறக்கலாம்."

"வேறை இடத்திலை வைக்க ஏலாதோ?"

"சட்டப்படி வீட்டிலை வைக்கவேணும், அம்மா. என்ரை வீடு அதுதானே."

அதன்பிறகு குகைகளும் பெரிய பாலங்களும் வந்தன. வலப்பக்கம் இருந்தால் நல்ல காட்சி என்பார்கள். நான் மேல்தட்டையே பார்த்துக்கொண்டு போனேன்.

என் கணவர் பார்த்துவைத்த வீடு பேக்கரிக்கு மேலே. இரண்டு அறை, வாடகை 480 பிராங்க். வெயில் படும் மூலையில் சுவாமிப் படம் வைக்கலாம். பின்னேரம் முழுக்க எனக்கும் கணவருக்கும் அந்தத் துவக்குக் கதைதான்.

"இஞ்சாரும், அவர் ஆமி இல்லை, வாத்தியார். இஞ்சை வீட்டுக்கு வீடு துவக்கு இருக்கு. ஆரும் ஆரையும் சுடேல்லை," என்றார்.

"எங்கடை ஊரிலை துவக்கோடை நிண்டவையும் ஆற்றையோ பிள்ளையள்தானே."

"அப்ப ஓல்டனிலை மேல்வீட்டுக்காரர் என்ன வைச்சிருக்கிறார் எண்டு உமக்குத் தெரியுமோ?"

தெரியாது. பிறகு அவர், "ரண்டு வருசமா நான் தனியத்தான் சாப்பிடுறன்," என்றார்.

ஞாயிறு காலை வாத்தியாரே பள்ளிக்கூடத்தைத் திறந்து காட்டினார். பதினான்கு மேசை, குளிர்காயச் சாணிநிற அடுப்பு, கண்ணாடிபோலச் சுத்தமான தரை. ஜெர்மனோடு அந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய புதுப் பாஷையும் ஒன்று படிக்க வேண்டுமாம்; அது பரவாயில்லை, பிள்ளைக்கு வரும். தர்சினி கூரையை நிமிர்ந்து பார்த்து, ஜெர்மனில் அவரிடமே கேட்டாள்: "அலுமாரி எந்தப் பக்கம்?"

அவர் சிரிக்கவில்லை. கரும்பலகைக்கு நேர் மேலே கூரையை விரலால் காட்டினார்.

அவள் கடைசி வரிசைக்குப் போய், கதவோரம் இருந்த மேசையில் இருந்து பார்த்தாள். "அம்மா, இதிலை எண்டா இருப்பன்," என்றாள்.

கூடவந்த என் கணவருக்குச் சந்தோசம். "பாத்தீரோ, பிள்ளைக்கே பிடிச்சிருக்கு!" அலுமாரிக்கு உள்ள தூரத்தையும் கதவையும் பார்த்து மேசை எடுக்க ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆர் சொல்லிக் கொடுத்தது? வாத்தியார் நல்ல மனிதர் என்பதால்தான் ஊரின் பெயரை எழுதவில்லை. பின்னேர வண்டியில் ஓல்டன் திரும்பினோம். நிலைய மேடையில் என் கணவர் தனியே நின்றார்.

போக நினைப்பவர்களுக்கு: புரட்டாதியிலேயே அங்கே குளிர், கம்பளிச் சட்டை எடுங்கள். கூரில் வண்டி மாறப் பத்து நிமிடந்தான், கடைக்கு ஓடாதீர்கள். சனிக்கிழமைகளில் வண்டியில் படையாட்கள் ஏறுவார்கள், அதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அனுமதி அட்டையைக் கேட்டால் மட்டும் எடுங்கள்.

அந்த வீட்டின் சொந்தக்காரருக்கு ஐப்பசி முடியுமுன் பதில் சொல்ல வேண்டும். முருகனிடம் கேட்டேன், அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மலைப்பக்க ஊர்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மாரே, உங்களிடம் கேட்கிறேன். அப்படியொரு கூரைக்குக் கீழே உங்கள் பிள்ளை இருந்து படித்ததா? அதற்குப் பயம் போனதா, இல்லை, பயத்தோடு இருக்கப் பழகியதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து கெதியாக எழுதுங்கள்.