மூன்றாவது மாடியில் காணாமல் போன பந்து

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தி. நகரில் நடந்தது இது. இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் காது சூடாகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்துத் தெரு. வேலை பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில். சென்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஆறு பழைய மெஷின், ஒரு ஏசி, வாசலில் செருப்புக் குவியல். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று ஊரே நம்பிய காலம் அது. ஓனர் அறையில் மட்டும் புத்தம் புதிதாக ஒரு மெஷின், பூப்போட்ட உறை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதை அவரிடம் கேட்காமல் யாரும் தொடக் கூடாது.

மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பெசன்ட் நகர் கடற்கரையோரம், ஊரூர் மீனவர் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். அங்கேயே மாணவியாகச் சேர்ந்து, படித்து முடித்து, அங்கேயே லேப் இன்சார்ஜ் ஆனவர். அந்த நாளில் அவரை நான் நீ, வா, போ என்றுதான் பேசுவேன். அவர் என்னை சார் என்பார். இப்போது எழுதும்போதுதான் 'அவர்' என்று வருகிறது. அதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் காலத்து மெஷின்களின் முகப்பில் 'டர்போ' என்று ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் வேகம் பல மடங்கு கூடும், எடுத்துவிட்டால் குறையும். எங்கள் கிழட்டு மெஷின்களை வேகமாக ஓடவிட்டால் பாதியில் மக்கர் பண்ணி நின்றுவிடும். அதனால் யாரும் அமுக்காமல் இருக்க, அந்தப் பட்டன் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தார் அவர். பொட்டு இருந்தால் கை வைக்கக் கூடாது. அதுதான் எங்கள் சென்டரின் சட்டம்.

அந்தத் தீபாவளிக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் ஓனரைத் தேடி வந்தார். தி. நகரில் அவருக்குப் பெரிய ஜவுளிக்கடை. மூன்றாவது மாடியைக் குழந்தைகளுக்காகப் புதிதாகத் திறக்கப் போகிறார். அம்மாமார் புடவை பார்த்து முடிக்கும் வரை பிள்ளைகள் அழாமல் இருக்க ஒரு வீடியோ கேம் வேண்டும். ஓனர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

நான் சின்ன வயதில் பக்கத்து வீட்டு டிவியில் பைத்தியமாக விளையாடிய ஒரு விளையாட்டு உண்டு. மேலே செங்கல் வரிசை, கீழே ஒரு மட்டை, நடுவில் ஒரு பந்து. பந்து பட்டால் செங்கல் உடையும், மட்டையில் படாமல் மூன்று தடவை கீழே போனால் அவுட். எல்லாம் கறுப்பு வெள்ளை. பந்து பட்டாலும் விழுந்தாலும் டொக் என்று ஒரே ஒரு சத்தம். அதையே புதிதாகச் செய்வது என்று முடிவெடுத்தேன். செங்கலுக்குப் பதில் மடித்த பட்டுப்புடவைகள், ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், ஜரிகை பார்டர். நடுநடுவே மேலிருந்து லட்டு விழும், பிடித்தால் மட்டை நீளமாகும். ஜெயித்த பிள்ளையின் பெயர் தமிழ் எழுத்தில் திரையில் வரும். அந்தத் தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக நானே வரைந்தேன். ஆறு வாரம் சோறு தண்ணி மறந்து உழைத்தேன். தலைகால் புரியாத பெருமை.

கடையில் காட்ட வேண்டிய நாள், மதியம். கேமை ஃபிளாப்பியில் காப்பி எடுத்து என்னிடம் கொடுக்கும்போது லேப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், இத நம்ம பொட்டு வெச்ச மெஷின்லயே தான் ஓட்டிகினு கீறீங்க. அண்ணாச்சி கடையில புது மெஷினு. ஓனர் ரூம்ல கீறதுல ஒரு தபா போட்டுப் பாத்துடுங்களேன். நான் வோணா கேட்டுட்டு வரேன்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. என் கேமைப் பற்றி இவள் எனக்குச் சொல்வதா? "காப்பி எடுத்தாச்சு இல்ல? அதோட உன் வேலை முடிஞ்சுது" என்றேன்.

அண்ணாச்சி கடையின் மூன்றாவது மாடியில் பெயிண்ட் வாசனை போகவில்லை. அண்ணாச்சி, அவருடைய மருமகள், பேரப்பிள்ளைகள் நான்கு பேர், கடை ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் என்று சுற்றி நின்றார்கள். மெஷினுக்கு ஒயர் மாட்டுவதற்காக லேப் பெண்ணும் வந்திருந்தார். ஓனர் சின்னதாக ஒரு பிரசங்கம் செய்தார். பேத்தியை நாற்காலியில் உட்கார வைத்து, நான் ஸ்டார்ட் கொடுத்தேன்.

புடவைகள் வந்தன. மட்டை வந்தது. பந்து வரவில்லை. மூன்று முறை டொக் டொக் டொக் என்று சத்தம் மட்டும் கேட்டது, ஆட்டம் முடிந்தது என்று திரை சொன்னது. அந்தக் குழந்தை இன்னும் கையையே வைக்கவில்லை.

மறுபடி போட்டேன். அதேதான். மூன்றாவது தடவையும் அதேதான்.

"என்னவே, பந்தையே காணும்?" என்றார் அண்ணாச்சி. கடை ஆட்களில் ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆறு வாரம்! காலையில் கூட ஜம்மென்று ஓடிய கேம்! இடையில் அந்த ஃபிளாப்பியைத் தொட்டது ஒரே ஒரு ஆள். திரும்பி அவரைப் பார்த்துக் கத்தினேன். "கடைசியா தொட்டது இவதான் சார். எதையோ நோண்டியிருக்கா. இல்லேன்னா வைரஸ் ஏத்திக் கொண்டு வந்திருக்கா. இவங்களையெல்லாம் மெஷின் பக்கத்துல விட்டா இப்படித்தான் ஆகும்."

"சார், நான் காப்பி மட்டும்தான் சார் எடுத்தேன்" என்றார் அவர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், மதியம் தான் சொன்னதை நான் எடுத்துச் சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி. நான் ஃபிளாப்பியை உருவுவதில் மும்முரமாக இருந்தேன். அண்ணாச்சி முன்னால் மானம் போன ஆத்திரத்தில் ஓனர் அங்கேயே, அத்தனை பேர் மத்தியிலேயே, "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டார். அவர் படியிறங்கிப் போனார். எனக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்தும் பொரிந்துகொண்டே இருந்தேன். "சாதத்தைப் பிசைஞ்சுண்டே யாரைத் திட்டிண்டிருக்கே?" என்று அம்மா கேட்டதற்கு அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை முதல் ஆளாக சென்டருக்குப் போனேன். அவர் என்ன செய்தார் என்று கண்டுபிடித்துச் சந்தி சிரிக்க வைக்க வேண்டும் என்ற வெறி. அதே ஃபிளாப்பியை என் மெஷினில் போட்டேன். கேம் அழகாக ஓடியது. பந்து நிதானமாக எழும்பி, புடவையில் பட்டு, இறங்கி வந்தது. எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அப்படியானால் கடை மெஷினில் எதையோ செய்திருக்கிறாள்! கண்ணில் பட்டது அந்தச் சிவப்புப் பொட்டு. பெரிய சட்டம் போட வந்துவிட்டாள் என்று நகத்தால் சுரண்டிப் பிய்த்து, பட்டனைக் கட்டைவிரலால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன்.

பந்து காணாமல் போனது. டொக் டொக் டொக். ஆட்டம் முடிந்தது.

விஷயம் இவ்வளவுதான். பந்து ஒரு அடி நகர்ந்ததும், "கொஞ்ச நேரம் சும்மா ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு, பிறகு அடுத்த அடி வை" என்று மெஷினுக்கு எழுதியிருந்தேன். எங்கள் பொட்டு வைத்த மெஷின் ஆற அமர எண்ணும். புது மெஷின் கண்ணை மூடித் திறப்பதற்குள் எண்ணி முடித்துவிடும். பந்து எங்கேயும் போகவில்லை. யார் கண்ணிலும் படாத வேகத்தில் கீழே விழுந்திருக்கிறது. யாரும் நோண்டவில்லை, வைரஸும் இல்லை. தப்பு முழுக்க முழுக்க நான் எழுதியதில்தான். மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து நகரும்படி மாற்றி எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஓனரிடம் போய்ச் சொன்னேன். சொன்னேன் என்பதை ஏதோ பெரிய நேர்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர், "சரி பண்ணிட்டே இல்ல? அப்புறம் என்ன? அண்ணாச்சிகிட்ட வைரஸ்னு சொல்லியாச்சு, இப்ப போய்க் கிளறாதே. அந்தப் பொண்ணு வேற எங்கயாவது சேர்ந்துக்கும்" என்றார். நானும் சரி சார் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். முழுசாக நான்கு நாள் வாயே திறக்கவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டேன், தூங்கினேன். சீ, இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணே வந்தார். அனுபவச் சான்றிதழ் கேட்டு. அதில்லாமல் வேறு சென்டரில் உள்ளேயே விட மாட்டார்கள். வைரஸ் ஏற்றியவளுக்கு என்ன சான்றிதழ் என்று ஓனர் விரட்டினார். என் மேஜையைத் தாண்டித்தான் அவர் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னாலேயே ஓடி, மாடிப்படியில் மறித்து, எல்லாவற்றையும் கொட்டினேன். தப்பு என்னுடையது, நீ சொன்னதுதான் சரி, மறுநாளே தெரிந்துவிட்டது என்று.

"மறுநாளேன்னா?" என்று கேட்டார். "நாலு நாளா தெரியுமா உங்களுக்கு?"

ஆமாம் என்றேன்.

"நாலு நாளா நான் எத்தினி சென்டரு ஏறி எறங்கிகினு கீறேன் தெரியுமா? போற எடத்துல எல்லாம் போன் போட்டுக் கேக்கறான், ஓனரு வைரஸ்னு சொல்லினு கீறாரு. எங்க தெருவுல ரெண்டு பொண்ணுங்க என்னியப் பாத்துதான் கம்ப்யூட்டர் படிக்கணும்னு நின்னுகினு கீதுங்க. இப்ப அவங்க வூட்ல இன்னா சொல்றாங்க, கேட்டியா நீ?" சார் போய் நீ வந்தது. எனக்கு அது வேண்டும்தான். "எங்கிட்ட வந்து படியில குசுகுசுன்னு சொல்லாத. அன்னிக்கு எங்க நின்னு கத்தினியோ அங்க நின்னு சொல்லு. அதே ஆளுங்க இருக்கணும். நானும் இருப்பேன்."

மறுநாள் சாயங்காலம், சரி செய்த கேமைக் காட்ட, அதே மூன்றாவது மாடி. அதே அண்ணாச்சி, அதே மருமகள், அதே கடை ஆட்கள். கேம் பிரமாதமாக ஓடியது. பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள், லட்டு விழுந்தபோது ஒரே கூச்சல். அண்ணாச்சி என் முதுகில் தட்டினார். ஓனர் வாயெல்லாம் பல். நான் படிப் பக்கம் பார்த்தேன். அவர் வந்து நின்றிருந்தார், கையைக் கட்டிக்கொண்டு.

எப்படியோ சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கேம் கெட்டது என்னால், வைரஸ் என்று எதுவும் இல்லை, புது மெஷினில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி இவர் எச்சரித்தும் நான்தான் அலட்சியம் செய்தேன், எங்கள் ஓனருக்கும் ஐந்து நாளாக இது தெரியும் என்று.

அண்ணாச்சியின் முகம் கறுத்தது. "ஏம்வே, தப்பைப் பண்ணினது நீரு. ஒரு பொம்பளப்புள்ளய என் கடையில வெச்சு அவமானப்படுத்தி அனுப்பியிருக்கீரு. நானும் அதை நம்பி நின்னுருக்கேன். இந்தப் பாவத்துல எனக்கும் பங்கு வெச்சுட்டீரேவே!" என்று என்னைப் பிடித்து உலுக்காத குறையாகக் கத்தினார். பிறகு ஓனர் பக்கம் திரும்பி, அந்தப் புள்ளைக்கு வேண்டிய காகிதத்தை இப்பவே, இங்கேயே எழுதிக் கொடும் என்றார். ஓனர் பல்லைக் கடித்துக்கொண்டு கடையின் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்த கையோடு, திங்கட்கிழமை முதல் நீயும் வராதே என்று என்னிடம் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டேன்.

லேப் பெண் அந்தத் தாளை ஒரு வரி விடாமல் படித்தார். ஓரிடத்தில் விரல் வைத்து, "தேதி தப்பா கீது சார்" என்று திருத்தி வாங்கினார். அண்ணாச்சி, இங்கேயே பில் போடும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறாயா தாயி என்று கேட்டதற்கு, "இந்த மாடி ஏற எனக்குப் பிடிக்கலீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கீழே, தீபாவளிக் கூட்டத்தில் அவரைப் பிடித்துவிட்டேன். மன்னிச்சிடுங்க என்றேன். முதல் தடவையாக ங்க போட்டுப் பேசினேன். அவர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேம பத்தி சொன்னீங்க, சரி. அன்னிக்கு 'இவங்களையெல்லாம்'னு ஒண்ணு சொன்னீங்களே, அந்த 'இவங்க' யாரு சார்? அத பத்தி மாடியில ஒண்ணுமே சொல்லலியே."

பதிலுக்கு நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

பிறகு நான் எத்தனையோ இடங்களில் புரோகிராம் எழுதிவிட்டேன், எழுதுகிறவர்களை மேய்த்தும்விட்டேன். ஏதாவது ஒன்று பாதியில் படுத்துக்கொண்டால் உடனே யாராவது கேட்பார்கள், இதைக் கடைசியாகத் தொட்டது யார் என்று. கேட்ட மாத்திரத்தில் எனக்கு ரத்தம் கொதிக்கும், முதலில் எழுதியது யார் என்று கேள் என்பேன். ஆனால் அந்தத் தீபாவளிக் கூட்டத்தில் அவர் கேட்ட கேள்விக்கு மட்டும், சொல்ல வேண்டிய ஆள் எதிரில் இல்லாமல், இன்றுவரை எனக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.