மகள் கல்யாணத்துக்கு ஒரு சவரம்

ஓசூர்ச் சந்தையில் மாட்டு வியாபாரத் தகராறில் ஒருவனைக் கையில் வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. அங்கே கைதிகளுக்கு முடிவெட்டும் வேலையைக் கொடுத்தார்கள்.

பக்கத்துப் பாயில் படுத்தவனுக்கும் என் வயதுதான். திருட்டுக் கேஸ். உள்ளே வந்தபிறகு கிறிஸ்தவன் ஆனவன். தினமும் காலையில் முழங்காலில் நின்று ஜெபிப்பான்.

"எனக்காகவும் வேண்டிக்கிறியாடா?" என்று ஒருநாள் கேலியாகக் கேட்டேன்.

"நீ வெட்டுன ஆளுக்காக வேண்டிக்கிறேன். அவரு கை நல்லாவணும்னு."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கை அன்று முழுக்க என்னை விடவில்லை. அதுவரை நான் என் தண்டனையைப் பற்றி மட்டுமே நினைத்திருந்தேன். சில வாரம் கழித்து நானும் அவன் பக்கத்தில் முழங்காலிட்டேன். ஜெபிக்கத் தெரியவில்லை. அழுகை மட்டும் வந்தது.

விடுதலையானதும் முதலில் நான் வெட்டியவர் வீட்டுக்குத்தான் போனேன். அவருக்கு இரண்டு விரல் மடங்கவில்லை. அவர் என்னோடு பேசவும் இல்லை. அவர் மனைவி மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, பக்கத்துப் பாய் நண்பனும் விடுதலையாகி வந்ததும், இருவரும் தென்பெண்ணையாற்றில் ஞானஸ்நானம் எடுத்தோம்.

ஜெயிலுக்குப் போய்வந்தவனை யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. சூளகிரிப் பக்கம் தொழுநோயாளிகளுக்காக ஒரு விடுதி இருந்தது. அங்கிருந்த நர்சம்மா எங்கள் கதையை முழுக்கக் கேட்டார்.

"முடி வெட்டுவியா? இங்க யாரும் வரமாட்டேங்கறாங்க" என்றார்.

முதலில் வந்து உட்கார்ந்தவர் ஒரு விவசாயி. விரல்கள் பாதிக்குமேல் இல்லை. தாடி நெஞ்சுவரை தொங்கியது. ஆறு வருடமாக ஊருக்குப் போகாதவர்.

"வெள்ளிக்கிழமை குருபரப்பள்ளியில எம்பொண்ணுக்குக் கல்யாணம். வரச்சொல்லி லெட்டர் போட்டிருக்குது. இந்த மூஞ்சியோட எப்படிப் போறது?" என்றார். பிறகு, "மூஞ்சி மரத்துப்போச்சு, கத்தி பட்டா எனக்குத் தெரியாது. நீதான் பாத்துச் சிரைக்கணும்" என்றார்.

பயமாகத்தான் இருந்தது. தாடையில் சோப்பைக் குழைத்துத் தடவினேன். தொட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கீறல்கூட விழாமல் முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்று, வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் அவரை மாட்டுவண்டியில் கூட்டிப்போனோம். பந்தலுக்கு வெளியே புளியமரத்தடியில் அவருக்குத் தனியாக இலை போட்டார் அவர் தம்பி. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் அவரை ஒட்டி உட்கார்ந்தோம்.

"உங்களுக்கு உள்ள இலை போட்டிருக்குதுங்க" என்றார் தம்பி.

"இங்கியே சாப்பிடறோங்க" என்றான் நண்பன்.

தாலி கட்டி முடிந்ததும் மணப்பெண் பந்தலைவிட்டு வெளியே வந்தாள். யாரோ கூப்பிட்டதை அவள் காதில் வாங்கவில்லை. அப்பாவின் முன்னால் மண்டிபோட்டு அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நாயனா, மழமழன்னு இருக்குது. யாரு சிரைச்சது?"

அவர் என்னைக் காட்டினார். அவர் இலையிலிருந்த சோற்றைப் பிசைந்து அவள் அவருக்கு ஊட்டினாள். நண்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

அதன்பிறகு மாதம் ஒருமுறை அவள் விடுதிக்கு வந்தாள். அவள் சொல்லித்தான், சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டுக்குப் பின்புறம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்களைத் தேடி நாங்கள் போகத் தொடங்கினோம். நான் முடி வெட்டுவேன். அவன் புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுவான். சிலர் கதவைத் திறக்கவில்லை. மறுவாரமும் போனோம்.