கருடன் பறித்த ஜிலேபி மீன்

காளியண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பரமத்தி வேலூருக்குக் கீழே காவிரியில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறார். அந்த மாதம் மட்டும் நீர்நாய்கள் அவருடைய மூன்று வலைகளைக் கிழித்திருந்தன. மிச்சம் ஒரே வலை.

நீர்நாய் மீனோடு பாறையில் ஏறினால், கரைத் தென்னையில் காத்திருக்கும் செம்பருந்து, ஊரார் கருடன் என்பது, பாய்ந்து பறித்துக்கொண்டு போகும். "நோவாம வந்து தூக்கிட்டுப் போறாம் பாரு, மவராசன்" என்று காளியண்ணன் சிரிப்பார். சில நேரம் பருந்தின் காலிலிருந்து மீன் நழுவிக் கரையில் விழும். கருடன் போட்ட மீனை வேண்டாமென்று விடக் கூடாது என்பது அவர் மனைவி பொன்னாயியின் பிறந்த வீட்டு வழக்கம்.

புதன்கிழமை காலை. வாழைக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்தை ஒரு ஜிலேபி மீனின் வயிற்றில் திணித்துப் பாறையில் வைத்துவிட்டு, காளியண்ணன் பரிசலைத் தள்ளி நிறுத்தினார். நீர்நாய் வந்தது. மீனைக் கவ்வியது. அடுத்த நொடி பருந்தும் வந்தது.

வருடக்கணக்காகப் பார்த்ததை அன்று மட்டும் எப்படி மறந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

துறைக்கு மேலே இரண்டு காகங்கள் பருந்தை விரட்டின. மீன் விழுந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த பொன்னாயி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஏம்புள்ள, அதைய எறி" என்று ஆற்று நடுவிலிருந்து காளியண்ணன் கத்தினார். சந்தோசத்தில் கத்துகிறார் என்று நினைத்துப் பொன்னாயி கையை ஆட்டிவிட்டு நடந்தார்.

நீரோட்டம் இழுத்ததில் பரிசல் கரை சேர அரை மணி நேரம் ஆனது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அடுப்பில் குழம்பு கொதித்தது. உப்புப் பார்த்த கையோடு பொன்னாயி சுவரில் சாய்ந்து கிடந்தார். வாயில் எச்சில் ஒழுகியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "எதுக்கு மருந்து குடிச்சாங்க? ஊட்டுல சண்டையா?"

"அவ குடிக்கலீங்க. நாந்தானுங்க மீனுல வெச்சேன்."

"பொண்டாட்டிக்கா?"

"ஆத்துநாய்க்குங்க."

டாக்டர் நம்பவில்லை. போலீசுக்குச் சொல்லி அனுப்பினார். மூக்கில் குழாயோடு கிடந்த பொன்னாயிக்கு எல்லாம் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தார்.

நான்காம் நாள் பொன்னாயி வீடு திரும்பினார். போலீசிடம், "அவரு மேல தப்பில்லீங்க" என்று சொன்னதும் அவர்தான்.

இப்போது வீட்டில் காளியண்ணன்தான் சமைக்கிறார். பொன்னாயி தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, கணவர் ஒரு வாய் சாப்பிடும்வரை கையை மடியிலேயே வைத்திருக்கிறார்.