கம்பியிலிருந்து பிய்த்தெடுத்த சூயிங்கம்

போன வருடம் கோடையில் ஒரு காலை நேரம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் திருச்சி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு தனியார் பள்ளியில் தையல் ஆசிரியை வேலைக்கு நேர்காணல். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிவிட்டதால், ஊன்றுகோல் இல்லாமல் என்னால் நடக்க முடியாது. வாய் மட்டும் எந்த ஊன்றுகோலும் இல்லாமல் நன்றாகவே ஓடும்!

முன் சீட்டு இளைஞர் மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்து, ஜன்னல் கம்பியில் அப்படியே ஒட்டினார். முன்பொரு முறை பஸ் சீட்டில் கிடந்த கம் ஒட்டி என் பட்டுப் புடவையே பாழானது. விடுவேனா? "ஏன் தம்பி, உங்க வீட்டு ஜன்னல்ல இப்படி ஒட்டுவீங்களா? எடுங்க அதை" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டேன். அவர் முறைத்தார். ஆனாலும் அதைப் பிய்த்து, டிக்கெட்டில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

விழுப்புரத்தில் இறங்கி நாலு அடி வைப்பதற்குள் கோல் சறுக்கியது. நல்லவேளை, தூணைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தால், கோலின் நுனியில் மாட்டியிருந்த ரப்பர் புஷ் அடியில் தேய்ந்து ஓட்டையாகி, குழாய் வெளியே எட்டிப் பார்த்தது. டைல்ஸ் தரையில் இதோடு நடந்தால் விழுவது நிச்சயம். பக்கத்து மருந்துக் கடையில் புஷ் இல்லை. நேர்காணலுக்கோ நேரமாகிக்கொண்டிருந்தது. வேலை போச்சு என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னாக்கா ஆச்சு?" என்றது ஒரு குரல். அதே இளைஞர்! விஷயத்தைச் சொன்னேன். கோலை வாங்கிப் பார்த்தவர், பையிலிருந்து டிக்கெட் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். "நீங்க திட்டலைன்னா இது இந்நேரம் திருச்சிக்குப் போய்க்கினு இருக்கும்க்கா" என்று சிரித்தார். அது போதாது என்று பாக்கெட்டில் மிச்சமிருந்த கம் எல்லாவற்றையும் கன்னம் உப்ப மென்றார். எல்லாவற்றையும் சேர்த்துக் கொஞ்சம் மணல் தூவிப் பிசைந்து, புஷ்ஷுக்குள் திணித்துக் குழாயை அதன்மேல் அழுத்தினார். எச்சில் பட்ட டம்ளரைக்கூடத் தொடாதவள் நான், முகம் சுளித்திருப்பேன்போல. "பேஜாரு வேணாம்க்கா, கழுவிடுறேன். பச்சைத்தண்ணி ஊத்தினா ஜல்தியா கெட்டியாயிடும்" என்று தன் பாட்டில் தண்ணீரை முழுக்க ஊற்றினார்.

கோலைத் தருவார் என்று கை நீட்டினேன். தரவில்லை. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, முழு பாரத்தையும் அதில் போட்டு, பஸ் ஸ்டாண்ட் டைல்ஸில் நொண்டி நொண்டி நடந்து பார்த்தார். ஜனங்கள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு சுற்று போய் வந்த பிறகுதான், "நிக்குதுக்கா, தைரியமா போங்க" என்று கோலை என் கையில் கொடுத்தார்.

போனேன், வேலை கிடைத்தது. இப்போது என் தையல் வகுப்பில் மென்ற கம் போட ஒரு டப்பா இருக்கிறது. அதை வெந்நீரில் இளக்கி, மணல் சேர்த்துப் பிசைந்து, ஆடுகிற மிஷின் காலுக்கு அண்டை கொடுக்கிறோம். முதலில் மூக்கைப் பொத்திய மாணவிகள் இன்று தாங்களே பிசைகிறார்கள். எங்கள் அறையில் எந்த மிஷினும் ஆடுவதில்லை.

கேட்காமலே என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டவர்கள் எத்தனையோ பேர். என் கோல் தாங்குமா என்று முதலில் தானே ஊன்றி நடந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான்.